சொல்தா வீட்டு மாத்திரை

அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்தபோது வார்டே நாறியது. மஞ்சள் காமாலை என்று வீட்டிலேயே முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து அன்று காலையில் ஊற்றியிருந்தார்கள். அது அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. விரிப்பில், தரையில், என் செருப்பில். ஆயாம்மா பினாயிலைக் கொட்டித் துடைத்ததில் மோர், கீழாநெல்லி, பினாயில் மூன்றும் சேர்ந்து புதிதாக ஒரு வாடை கிளம்பியது. பக்கத்துக் கட்டில் அம்மாள் பிரித்த இட்லிப் பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்துவிட்டார்.

அப்போது நான் காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் க்ளினிக்கல் ஃபார்மசிஸ்ட். ஆறு வருடப் படிப்பை முடித்துவிட்டு வந்த முதல் வேலை. நோயாளி என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறார், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா, மருந்தே நோயாகிவிட்டதா என்று துருவிப் பார்ப்பது என் வேலை. இது யாருக்கும் புரியாது. கீழே மருந்துக்கடையில் பில் போடுகிற பெண் மாடிக்கு ஏன் வருகிறாள் என்று நர்ஸ்களே கேட்டிருக்கிறார்கள். ஆயாம்மா என்னை யாரிடமாவது அறிமுகப்படுத்தினால், "டாக்டருக்குப் படிச்சு நடுவுல நின்னுபோன பொண்ணு" என்பார், உண்மையான அனுதாபத்தோடு.

மருந்தால் கல்லீரல் கெட்ட ஒரு கேஸ் கைக்கு வராதா என்று நான் காத்துக்கொண்டிருந்த காலம் அது. பாடத்தில் அந்த அத்தியாயம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கல்லீரலைக் கெடுத்தது மருந்துதான் என்று கையில் கொடுத்துவிடுகிற ஒற்றைப் பரிசோதனை கிடையாது. சந்தேகத்துக்குரிய எல்லோரையும் ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டே வந்து, மிஞ்சுகிறவனைப் பிடிக்க வேண்டும். மருந்து எப்போது உள்ளே போனது, கெடுதல் எப்போது தொடங்கியது, நிறுத்தியதும் இறங்கியதா, அந்த நேரத்தில் வேறு எவனாவது அந்தப் பக்கம் வந்தானா. நான் கற்பனை செய்துவைத்திருந்த கேஸ் சுத்தமாக இருந்தது. அதில் வாந்தி இல்லை, நாத்தனார் இல்லை.

அவளுக்கு முப்பது வயதுக்கு மேலே கொஞ்சம் இருக்கும். பிறந்தது திருநள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். வாழ்க்கைப்பட்டது டவுனில் ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களின் வீட்டுக்கு இங்கே அப்படித்தான் பெயர். ஆள் போய்ச் சேர்ந்து எத்தனை வருடமானாலும் பெயர் மட்டும் போகாது. அவளுடைய மாமனார்தான் அந்தச் சொல்தா. புருஷன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிற வேலை. எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கரி இருக்கும். புருஷனின் அக்காள் பிரான்ஸில் குடியிருப்பவர், லீவுக்கு வந்திருந்தார். அவரைத் தெருவே பிரான்ஸ்காரம்மா என்றுதான் சொல்லும். மருத்துவமனைக்கும் அவர்தான் முன்னால் வந்தார். அவருடைய சென்ட் வாசனை அவருக்கும் முன்னால் வந்தது.

"இங்க ஒப்பித்தால் எல்லாம் இப்படித்தான் இருக்குமா?" என்று வாசலிலேயே கேட்டார். ஆஸ்பத்திரியைத்தான். "எங்க ஊர்ல தரையில படுத்து சாப்பிடலாம், அவ்ளோ சுத்தம்."

"அப்ப அங்கயே காட்டியிருக்கலாம்ல" என்றார் ஆயாம்மா, துடைப்பத்தை நிறுத்தாமல்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு உடம்பு பரபரத்தது. கல்லீரல் செல்கள் உடைந்தால் ரத்தத்தில் கசிகிற நொதிகள் உண்டு. பத்துகளில் இருக்க வேண்டியவை அவளுக்கு ஆயிரங்களில் இருந்தன. மஞ்சளோ கொஞ்சம்தான். ரத்தம் உறைய வேண்டிய நேரத்தில் உறையவில்லை. ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. கேட்டால் பதில் வருவதற்குள் கண் சொருகியது. இது மெல்ல வந்த காமாலை இல்லை. ஏதோ ஒன்று சில நாட்களுக்குள் கல்லீரலை அடித்துப் போட்டிருக்கிறது.

எங்கள் பெரிய டாக்டர் நல்ல கைராசிக்காரர், ஆனால் எப்போதும் அடுத்த நோயாளியின் அறையில் பாதி மனதோடு இருப்பவர். "வைரல்தாம்மா. தண்ணியில வர்றது" என்றார். காமாலை வைரஸ்கள் ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை போனது. எதுவும் இல்லை. டெங்குவும் இல்லை. "அப்ப கீழாநெல்லி" என்றார்.

"சார், கண்ணு மஞ்சளான பிறகுதான் கீழாநெல்லி கொடுத்திருக்காங்க. வாந்தி அதுக்கும் முன்னாடியே இருக்கு."

"ம்."

காரணம் முன்னால் வர வேண்டும், விளைவு பின்னால். அவ்வளவுதான். இந்த ஒன்றைக்கூட யோசிக்காமல்தான் கீழாநெல்லியைத் திட்டுகிறவர்கள் திட்டுகிறார்கள், கும்பிடுகிறவர்கள் கும்பிடுகிறார்கள்.

வீட்டார் வேறொரு குற்றவாளியைப் பிடித்துவைத்திருந்தார்கள். முந்தின வாரம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல், உடம்புவலி. தெருமுனை க்ளினிக் டாக்டர் பாராசிட்டமால் மூன்று வேளைக்கும், கூட ஒரு ஆன்டிபயாட்டிக்கும் எழுதியிருந்தார். புருஷன் மாத்திரை அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"இதுதாங்க. இந்த ஆளு மாத்திரையாலதான். வீட்டுக்குப் போனதும் அந்த க்ளினிக்க ஒரு வழி பண்றேன்."

"இந்தியா மருந்துல என்னத்தக் கலக்குறானோ" என்றார் அக்காள். "சுண்ணாம்பா இருக்கும்."

அட்டைகளில் பாதிக்குமேல் மாத்திரை மீதி இருந்தது. எழுதிய அளவில்கூட அவள் சாப்பிடவில்லை. ஆன்டிபயாட்டிக்கால் கல்லீரல் கெடுவதுண்டு. ஆனால் அது இந்த வேகத்தில், இந்த உயரத்தில், இந்த மாதிரி பொதுவாக வராது. இந்த மாதிரி வருவது அளவுக்கு மீறிய பாராசிட்டமால். மீறாத அளவில் சாதுவான மருந்து. மீறினால் கல்லீரல் அதைச் சமாளிக்க வைத்திருக்கும் சரக்கு தீர்ந்துபோகும். நாலைந்து நாள் சாப்பிடாமல் கிடந்த உடம்பில் இன்னும் சீக்கிரம் தீரும். படம் பொருந்தியது, அளவு பொருந்தவில்லை. எனவே இந்த அட்டைக்கு வெளியே இன்னொரு பாராசிட்டமால் எங்கோ இருக்கிறது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? வலி மாத்திரை, சளி மாத்திரை, யாராச்சும் குடுத்தது?"

"ஒண்ணுமில்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் சொல்றாரே" என்றார் அக்காள். "நீங்க கீழ மருந்துக்கடையில உள்ளவங்கதானே?"

பெரிய டாக்டரிடம் ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பாராசிட்டமால் விஷத்தை முறிக்கிற மாற்று மருந்தை எழுதிவிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தேகம் என்றாலே போட வேண்டிய மருந்து அது. நர்ஸ் மருந்துக் குப்பியை உடைத்ததும் அழுகின முட்டை வாடை கிளம்பி வார்டு முழுக்கப் பரவியது. அந்த மருந்தின் குணமே அதுதான், அதில் கந்தகம் உண்டு. எனக்குக் குமட்டினாலும், அதுவரை அந்த வார்டில் அடித்த வாடைகளிலேயே நேர்மையான வாடை அது என்று தோன்றியது.

ஆனால் எழுதிவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார்.

"பாராசிட்டமால்னு சொல்றியே, என்ன அர்த்தம்னு தெரியுமாம்மா? எழுதின அளவுல இது வராது. அப்ப அந்தப் பொண்ணு முழுங்கியிருக்கு. சூசைட் அட்டெம்ப்ட். போலீசுக்குத் தகவல் குடுக்கணும்."

"தெரியாம கூடிப்போயிருக்கலாம் சார்."

"எதுல கூடிப்போச்சு? காட்டு. நாளைக் காலையில ரவுண்ட்ஸ் வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குமேல என்னால முடியாது."

நான் காட்ட முடியாமல் நின்றேன். அவர் வீட்டாரை உள்ளே கூப்பிட்டு, மெதுவாகத்தான் கேட்டார், வீட்டில் ஏதும் மனக்கஷ்டமா என்று. புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காளின் முகத்தில் முதலில் திகைப்பு. பிறகு, என் கண்முன்னாலேயே, அந்தத் திகைப்புக்கு உள்ளிருந்து வேறொன்று தலையெடுத்தது. கணக்குப் போடுகிற முகம்.

"எங்க வீட்டுல என்னங்க கஷ்டம், ராணி மாதிரி வச்சிருக்கோம். ஆனா இவ கொஞ்சம் அழுத்தக்காரி. மனசுல என்ன வச்சிருக்கான்னு வெளிய விடமாட்டா. கிராமத்துப் பொண்ணு பாருங்க."

சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாத்திரை தின்றுவிட்டதாம் என்று. பக்கத்து வார்டிலிருந்து எட்டிப்பார்க்க வந்தார்கள். குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் வந்து நின்று, தூங்குகிறவளின் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ரெண்டாங்கிளாஸ் படிக்கிற புள்ளைய வச்சிக்கிட்டு எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மகளின் பிரசவத்துக்கு வந்திருந்த இன்னொரு அம்மாள், "புருஷன் மூஞ்சியப் பாத்தா எனக்கும் தின்னுடலாம்னுதான் இருக்கு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆயாம்மாவும் சிரித்தார். எனக்கு எல்லோர் மீதும் ஆத்திரமாக வந்தது. எதையும் செய்யாத ஒருத்தியைச் சுற்றி, செய்தாள் என்று வைத்துக்கொண்டு இவ்வளவு பேர் பொழுதுபோக்குகிறார்கள். இந்த ஊரில் ஒட்டிய பெயர் உரியாது. பிழைத்து வீட்டுக்குப் போனாலும் அவள் மருந்து குடித்தவளாகத்தான் போவாள். அவளுடைய பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். நாளைக்கு அந்தப் பெண்ணை யாராவது பெண்பார்க்க வந்தால் அப்போதும் கேட்பார்கள்.

பார்வையாளர் நேரம் முடியப்போகிற சமயத்தில் சொட்டு இறங்குகிறதா என்று பார்க்கப் போனேன். பாதித் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. உள்ளே ஒரு சத்தம். சுடுகல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல், நிற்காமல்.

திரையை விலக்கினேன். அக்காள் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் அவள் பிடரியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மறுகையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் வெள்ளையாக ஒன்று சுழன்று நுரைத்துக்கொண்டிருந்தது. வலது கை நரம்பில் மாற்று மருந்து இறங்கிக்கொண்டிருக்க, டம்ளர் அவள் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு வாய் குடிச்சான்னா தெம்பா எந்திரிப்பா."

"குடுங்க இங்க."

"ஏம்மா பறிக்கிற? சிந்துது பாரு."

சிந்தட்டும் என்று பிடுங்கினேன். அவருடைய கைப்பை திறந்து கிடந்தது. அதில் டப்பா; அதையும் எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாராசிட்டமால் என்ற சொல் அந்த மொழியிலும் கிட்டத்தட்ட அதே எழுத்துக்கள்தான். பக்கத்தில் ஒரு கிராம் என்று போட்டிருந்தது. நம் ஊர் பெரிய காய்ச்சல் மாத்திரை ஒன்றரைக்குச் சமம், ஒன்றே.

"இது பாராசிட்டமால்ங்க."

"காய்ச்சலுக்கு உள்ளது. அங்க எல்லார் வீட்டுலயும் இருக்கும்."

"நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீ மருந்து கேட்ட. இது என்ன மருந்தா? முழுங்குறதா இருந்தா வயித்தப் புண்ணாக்கும். இது தண்ணியிலயே கரைஞ்சு போயிடுது. பிரான்ஸ் சாமான்மா, சுத்தமானது. ஒண்ணும் பண்ணாது."

நான் காரைக்கால்காரி. இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருந்தால் பொய். லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் சாக்லேட்டும் சென்ட்டும் வரும், கூடவே மாத்திரையும் வரும். அவை ஒரு பிஸ்கட் டின்னில் சேரும். அந்த டின் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும். தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்கிறவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். எழுத்து யாருக்கும் வாசிக்க வராது. வராததால்தான் அவ்வளவு மரியாதை. க்ளினிக் டாக்டர் கொடுத்தால் மருந்து, பயப்பட வேண்டும், அளவாகச் சாப்பிட வேண்டும். விமானத்தில் வந்தால் அது மருந்தல்ல, உபசாரம். உபசாரத்தை யார் எண்ணுவார்கள்? எனக்கு நன்றாகத் தெரிந்த இந்த வழக்கம் அந்த நிமிடம் அந்த டம்ளரின் அடியில் வெள்ளைக் கசடாக நின்றது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை குடுத்தீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்பதன் கனம் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். டம்ளரைப் பிடித்திருந்த கை மடிக்குப் போய்ச் சேலையில் துடைத்துக்கொண்டது.

"ஒண்ணுதான் குடுத்தேன். எப்பவாச்சும் ஒண்ணு. டின் அலமாரியிலதான் இருக்கு. நான் கோயிலுக்குப் போயிருந்தப்ப அவளே எடுத்துக் கரைச்சுக் குடிச்சிருப்பா. யாரு கண்டா? டாக்டர் சொல்ற மாதிரி, அவ மனசுல என்ன இருந்துச்சோ."

புருஷன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டு. நான் பார்த்ததும் கீழே இறங்கிப் போனான். விடவில்லை. வாசல் டீக்கடையில் போய்ப் பிடித்தேன்.

"அண்ணே, உங்க அக்கா சொன்னது நெசமா?"

"டீ சாப்பிடுறீங்களா?"

"வேணாம். நெசமா?"

கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான். "காய்ச்சல் ஏறுறப்பல்லாம் அக்காதாங்க குடுத்துச்சு. ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. நான்தான் தண்ணி மொண்டாந்து குடுப்பேன்."

"க்ளினிக் மாத்திரையும் சேர்த்தா?"

"அதையும் குடுத்தோம். அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

"இத நீங்க டாக்டர்கிட்ட சொன்னாப் போதும். போலீசு, கீலீசு எதுவும் கிடையாது. உங்க சம்சாரத்துமேல பழி வராது."

"அக்காமேல வந்துரும்ல."

"யாருமேலயும் வராது. தெரியாமப் பண்ணதுதானே."

அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்க பிரெஞ்சு நேஷனாலிட்டி பேப்பர் ஓடிக்கிட்டிருக்குங்க. அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாத்துக்கும் அங்க இருந்து சர்ட்டிபிகேட் தேடி எடுக்கிறது அக்காதான். முடியிற நேரம். இப்பப் போயி அக்கா மனச நோகடிச்சா... எல்லாம் இவளுக்கும் பாப்பாவுக்கும்தாங்க. நான் ஒருத்தன் போயி என்ன பண்ணப்போறேன்?"

"அவங்க செத்துப்போனா பேப்பர்ல யாரு பேரு போடுவீங்க?"

அவன் டீயை உறிஞ்சினான். கீழவாஞ்சூரை விட்டுப் போய்விட வேண்டும் என்கிற ஆசை தப்பில்லை. அந்தக் கரித்தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டு யார் ஆயுளெல்லாம் இருப்பார்கள்? ஆனால் அந்த டீயை அவன் உறிஞ்சிய சத்தம் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. பெண்டாட்டி பெயரில் தற்கொலை என்று எழுதப்போகிறார்கள், அதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக அவன் டீ குடித்தான்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே போய் நின்றேன். நொதிகள் ஏறுவது நின்றிருந்தது. அவள் கண் விழித்திருந்தாள். தண்ணீர் கேட்டாள். பெரிய டாக்டர் வந்ததும் டப்பாவைக் கொடுத்தேன். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "ஒரு கிராமா?" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"சார், இதுவரைக்கும் இவங்கள யாரும் கேக்கல. வீட்டாருங்க வெளிய இருக்கட்டும். நீங்களே கேளுங்க."

அக்காள் வெளியே போக மறுத்தார். "அவளுக்கு என்ன தெரியும், மயக்கத்துல கிடந்தா" என்றார். ஆயாம்மா வாளியை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்து, "தொடைக்கணும், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். சென்ட் வாசனை வராந்தாவுக்குப் போனது.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, மாத்திரை ஏதும் நீயா எடுத்துச் சாப்பிட்டியா?"

"நானாவா? எழுந்திரிச்சு நிக்கவே முடியலைங்களே."

"அந்த நுரைச்சுக்கிட்டு வர்றது?"

"அண்ணி குடுப்பாங்க. காலையில கண்ணு முழிச்சா டம்ளரோட நிப்பாங்க. வேணாம், குமட்டுதுன்னா, அங்க எல்லாரும் தண்ணி மாதிரி குடிக்கிறதுன்னுவாங்க. மறுபடி மத்தியானம். காய்ச்சல் ஏறுனா அப்ப ஒண்ணு. ராத்திரி ஒண்ணு."

"எத்தனைன்னு ஞாபகம் இருக்கா?"

"எண்ணலைங்க. ஒண்ணு குடிச்ச நுரை வாயில இருக்கும்போதே அடுத்தது வந்துரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, எங்களைப் பார்த்தாள். "ஏங்க, நானா சாப்பிட்டேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன், மேற்கொண்டு கேட்கவில்லை.

போலீசுக்குத் தகவல் போகவில்லை. அந்த அளவில் சரி. அடுத்த நாட்களில் நொதிகள் மளமளவென்று இறங்கின. பாராசிட்டமால் அடித்த கல்லீரல் பிழைத்தால் அப்படித்தான் எழுந்திருக்கும், அடிபட்ட வேகத்திலேயே. முன்னால் வந்தது, அளவு மீறியது, மற்றவர்களெல்லாம் விடுவிக்கப்பட்டார்கள், நிறுத்தியதும் இறங்கியது. மருந்துதான் காரணமா என்று கணிக்கிற கேள்விப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டியது. இதைவிடத் தெளிவாக ஒரு கேஸ் கிடைக்காது என்று துள்ளிக்கொண்டு டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். நோயின் பெயர் என்ற இடத்தில், வைரல் காமாலை என்று இருந்தது.

"சார், வைரஸ் டெஸ்ட் எல்லாமே இல்லைன்னுதானே வந்துச்சு?"

"எல்லா வைரசுக்கும் டெஸ்ட் இருக்கா?"

"சார்."

"இரும்மா. பாராசிட்டமால்னு போட்டா நாளைக்கு எவனாவது அத வச்சு ஏன் போலீசுக்குச் சொல்லலன்னு என்னைக் கேப்பான். அந்த க்ளினிக்காரர் நம்ம ஃப்ரெண்ட், அவர் பேரு இழுபடும். அந்த பிரான்ஸ்காரம்மா என்னடான்னா காலையில வந்து அழுவுறாங்க, ஊருக்குப் போறப்ப கெட்ட பேரோட அனுப்பாதீங்கன்னு. ஆள் பொழச்சாச்சு. எல்லாருக்கும் நல்லது. விடு."

எல்லோருக்கும். வைரஸுக்கு அக்காள் கிடையாது, நண்பர் கிடையாது, வக்கீல் கிடையாது. அதன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். மூன்று பேர் சுத்தமாக வெளியே போவதற்காக, நடந்தது என்ன என்பதை மட்டும் குப்பையில் போட்டார்கள். மருந்துகளின் தீங்கைப் பதிவு செய்கிற அரசுத் திட்டத்துக்கு நான் தனியாக அனுப்பிவைத்தேன். அதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை. அது அந்த வீட்டுக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்குப் போகப்போகிறவள் ஒருத்திதான்.

"அப்ப அடுத்த தடவை காய்ச்சல் வந்தா சார்?"

"வாயால சொல்லி அனுப்பேன். யாரு வேணாங்குறா?"

போனேன். அவள் தலைசீவி, பூப்போட்ட சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். கண் வெள்ளையில் மஞ்சள் இன்னும் லேசாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மருந்து, எப்படிக் கெடுத்தது, க்ளினிக் அட்டையிலும் பிரான்ஸ் டப்பாவிலும் இருந்தது ஒரே சாமான், இனி எவ்வளவுக்குமேல் கூடாது, இப்போதைக்கு எங்களைக் கேட்காமல் ஒன்றுகூடக் கூடாது. வேகமாகப் பேசினேன் போலிருக்கிறது. இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

"இத இந்தப் பேப்பர்ல எழுதியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

"வைரஸ்னு."

அவள் சம்மரியை வாங்கி, வாசிக்காமல், மடித்துப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப நான் சொன்னா வீட்டுல எடுபடாதுங்க. தண்ணியில வந்த காமாலைன்னு அண்ணி இப்பவே போன்ல சொல்லிக்கிட்டிருக்காங்க."

வராந்தாவில் அக்காள் பிரான்ஸுக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த குரல் எங்களுக்குக் கேட்டது. இங்கே தண்ணீரே விஷம், நான் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று. பேசி முடித்து, கார் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் புருஷன், மூட்டையோடு. அக்காள் கையில் டம்ளர்.

"இந்தா, குளுக்கோஸ். கார்ல தல சுத்தும். குடிச்சிட்டு எந்திரி."

அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. டம்ளரைக் காதோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, ஏதோ கேட்கிறவள் மாதிரி அப்படியே இருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னடி பண்ற?" என்றார் அக்காள்.

"சத்தம் வருதான்னு பாக்குறேன் அண்ணி."

"குளுக்கோஸ்ல என்னடி சத்தம்?"

"தெரியலையே. கரைச்சுல்ல கொண்டாந்திருக்கீங்க." டம்ளரைக் கட்டிலோரத்துப் பெட்டிமேல் வைத்தாள். வைத்த விதத்தில் கோபம் எதுவும் இல்லை. "இத ஊத்திடுங்க. வெறுந்தண்ணியும் பாக்கெட்டும் தனித்தனியா குடுங்க. நானே கலந்துக்கறேன்."

அக்காள் தம்பியைப் பார்த்தார். தம்பி மூட்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான். கீழே கார்க்காரன் ஹார்ன் அடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள், தண்ணீர் வருகிறவரை உட்கார்ந்திருக்கப் போகிறவளாக. கொஞ்ச நேரம் கழித்து பிரான்ஸ்காரம்மாவே டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.